எங்கள் மூன்றாம் வகுப்பு எழுதிய தேர்வு

21 அக்டோபர் 2024, திங்கள்

போன வாரம் மழை விடுமுறை. அது முடிந்த பிறகும் தெருவில் தண்ணீர் வடியவில்லை, பாதி வகுப்புதான் வந்தது. இன்றைக்குத்தான் எல்லோரும் வந்தார்கள். காலை உணவு முடிந்து பிள்ளைகள் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஹெச்.எம். மேடம் கூப்பிட்டார். "டீச்சர், டிசம்பர் நாலாம் தேதி தேசிய அடைவுத் தேர்வு. மூணாம் வகுப்புக்கு. நம்ம பள்ளி வருதோ இல்லையோ, தயாரா இருக்கணும்."

நாடு முழுக்கச் சில பள்ளிகளை மட்டும் எடுத்து, மாவட்டவாரியாகப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் தேர்வு இது. முன்பு இதற்கு நாஸ் என்று பெயர். 2017 நவம்பரிலும் 2021 நவம்பரிலும் நடந்தது. அப்போது தொடக்கப்பள்ளியில் 3, 5 இரண்டு வகுப்புகளும் எழுதின. இந்த முறை பரக் என்ற பெயரில் 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு நடக்கிறது. ஐந்தாம் வகுப்போடு முடியும் எங்கள் மாநகராட்சிப் பள்ளியில் எழுதப்போவது மூன்றாம் வகுப்பு மட்டும். அதாவது என் வகுப்பு.

இந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவைக்கிறேன். பெயர் எதுவும் எழுத மாட்டேன். வடசென்னை. அப்பாக்களில் பலர் காசிமேடு துறைமுகத்தில் வேலை செய்கிறார்கள். சிலர் ஆட்டோ, சிலர் லோடு வண்டி. அம்மாக்கள் மீன் விற்கிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள். நாலைந்து வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. பெரும்பாலும் 2016-ல் பிறந்தவர்கள். அங்கன்வாடியில் உட்கார வேண்டிய வயதில் கொரோனா வந்து எல்லாம் மூடிக்கிடந்தது. பென்சில் பிடிப்பதையே ஒன்றாம் வகுப்பில், 2022 ஜூனில்தான் பலர் பழகினார்கள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியதும் அதே மாதம்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அந்தத் திட்டத்தில் படித்து மூன்றாம் வகுப்புக்கு வந்திருக்கும் முதல் அணி இவர்கள். 2025-க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது திட்டத்தின் இலக்கு. அந்த எட்டு வயதுப் பிள்ளைகள் இவர்கள்தான்.

பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பதற்குத் திட்டத்தில், கீழிருந்து மேலே, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. என் வகுப்பில் மலரில் பாதிப் பேர் இருக்கிறார்கள். மொட்டில் சிலர். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் அரும்பில் நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனக்குக் கவலையெல்லாம் அவர்களைப் பற்றித்தான்.

28 அக்டோபர் 2024, திங்கள்

மாதிரி வினாத்தாளும் ஓ.எம்.ஆர். தாளும் நகலெடுத்து வந்தன. சரியான விடைக்குரிய வட்டத்தை மட்டும் கறுப்பாக்க வேண்டும் என்று பலகையில் பெரிதாக வரைந்து காட்டினேன். வண்ணம் தீட்டும் சந்தோஷத்தில் பலர் நான்கு வட்டத்தையும் நிரப்பிவிட்டார்கள். கோடு தாண்டாமல் அவ்வளவு அழகாக. திட்ட மனசு வரவில்லை. "ஒண்ணு போதும்டா கண்ணு" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்.

இதற்கே இரண்டு பாடவேளை போனது. தீபாவளிக்கு முன் முடிக்க நினைத்திருந்த இடமதிப்புப் பாடம் அப்படியே நிற்கிறது.

8 நவம்பர் 2024, வெள்ளி

இன்றைக்குக் கண்டது முக்கியம். விரிவாக எழுத வேண்டும்.

பயிற்சித் தாளுக்கு நானே ஒரு கணக்கு எழுதினேன். "அம்மாவின் கூடையில் 52 மீன்கள் இருந்தன. 27 மீன்களை விற்றுவிட்டார். மீதி எத்தனை மீன்கள்?" விடைகள்: 25, 35, 79, 27.

தாள்களைத் திருத்தியபோது சரி, தப்பு என்று மட்டும் குறிக்காமல், தப்புப் போட்டவர்கள் எந்தத் தப்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பிரித்து அடுக்கினேன். 35 போட்டவர்கள் ஒரு கட்டு. 79 போட்டவர்கள் ஒரு கட்டு. 27 போட்டவர்கள் இரண்டு மூன்று பேர்.

35 போட்ட பிள்ளைக்குக் கேள்வி புரிந்திருக்கிறது. கழிக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. ஒன்றின் இடத்தில் 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதிவிட்டது. கடன் வாங்கிக் கழிப்பது இன்னும் மனசில் பதியவில்லை. அந்தப் பிள்ளைக்குக் குச்சிக்கட்டு வேண்டும். ஒரு பத்துக் கட்டை அவிழ்த்துத் தன் கையால் பத்து ஒன்றுகளாக்கிப் பார்த்தால் இரண்டு நாளில் பிடித்துக்கொள்ளும்.

79 போட்ட பிள்ளை வேறு. அது கேள்வியையே படிக்கவில்லை. இரண்டு எண் கண்ணில் பட்டது, கூட்டிவிட்டது. கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது! அவர்களில் ஒரு சிறுமியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேள்வியை வாய்விட்டுப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் "இருபத்தஞ்சு மிஸ்" என்றாள். அவள் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறார். சனி, ஞாயிறுகளில் இவள்தான் மீதிச் சில்லறை கொடுக்கிறாள். அவளுக்குக் கணக்கு பாடம் நடத்தி என்ன பயன்? வேண்டியது தமிழ் வாசிப்பு.

27 என்பது வெறும் குத்துமதிப்பு. கடைசியில் கண்ணில் பட்ட எண்.

மதிப்பெண் பட்டியலில் இந்த மூன்று வகைக்கும் ஒரே பூஜ்யம்தான். மூன்றையும் ஒன்றாகப் பார்த்து "கணக்கில் பின்தங்கியவர்கள்" என்று உட்காரவைத்துக் கழித்தலையே நடத்தினால், அந்த மீன்காரம்மா மகளின் மாதங்களை நாம் வீணடிக்கிறோம். வினாத்தாள் தயாரிப்பவர்கள் தப்பான விடைகளையும் யோசித்துத்தான் வைக்கிறார்கள். ஒவ்வொரு தப்புக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. ஆசிரியருக்கு வேண்டியது அந்தக் காரணம்.

திங்களிலிருந்து குழுவை மாற்றுகிறேன். 35-க்காரர்களுக்குக் குச்சிக்கட்டு, 79-க்காரர்களுக்கு வாசிப்பு.

22 நவம்பர் 2024, வெள்ளி

குச்சிக்கட்டுக் குழுவில் பாதிக்கு மேல் தேறிவிட்டார்கள். வாசிப்புக் குழு மெதுவாகத்தான் நகர்கிறது. அது அப்படித்தான் நகரும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல்லை மறந்துவிடுகிறது. தினமும் பத்து நிமிடம், ஒரே பத்தி, சத்தமாக. இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வகுப்பு ஆங்கிலவழி. பள்ளியில் எந்த வழியில் படிக்கிறார்களோ அந்த மொழியில்தான் வினாத்தாள். வீட்டில் ஆங்கிலம் ஒரு வார்த்தை காதில் விழாத பிள்ளை கணக்குக் கேள்வியை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். என் 79-க்காரர்களின் சிக்கல் அங்கே இரட்டிப்பு. அந்த டீச்சரும் நானும் மதிய இடைவேளையில் வெகுநேரம் இதையே பேசினோம்.

1 டிசம்பர் 2024, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துவிட்டது. இங்கே நேற்று முழுக்க ஊற்றியது. வழக்கம்போல எங்கள் பக்கத்துச் சந்துகளில் தண்ணீர். தேசிய அடைவுத் தேர்வுக்கு எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று முன்பே தகவல் வந்திருந்ததால், காலையிலிருந்து பெற்றோர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். "புதன்கிழமை கண்டிப்பா அனுப்புங்கம்மா." ஒரு வீட்டில் நோட்டு, புத்தகம், சீருடை எல்லாம் நனைந்துவிட்டதாம். "வீட்டு டிரஸ்லயே அனுப்பட்டுமா டீச்சர்?" என்று அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். எந்த டிரஸ்ஸாக இருந்தாலும் அனுப்பச் சொன்னேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சில நாட்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், படிக்க வராத பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் வீட்டில் இருக்கச் சொல்லலாமே என்று ஒருவர் சொன்னார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளைகள் எழுதாவிட்டால் மாவட்டத்தின் சராசரி கொஞ்சம் கூடும், சரி. அப்புறம்? வாசிப்புக்குக் கூடுதல் ஆளும் நேரமும் வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன ஆதாரம் மிஞ்சும்? ஹெச்.எம். மேடம் உறுதியாக இருக்கிறார்: "எல்லாப் பிள்ளையும் வரணும். வர்றது வரட்டும்." அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

4 டிசம்பர் 2024, புதன்

எல்லோரும் வந்தார்கள். நனைந்த வீட்டுப் பையன் அண்ணனின் பெரிய சட்டையில் வந்தான். புதன் என்பதால் வெண்பொங்கலும் சாம்பாரும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.

வகுப்பாசிரியர் உள்ளே இருக்கக் கூடாது. அது நியாயமான விதிதான். தேர்வை நடத்தக் கள ஆய்வாளராக வந்தது ஆசிரியர் பயிற்சி படிக்கும் ஒரு பெண். பிள்ளைகளிடம் அன்பாகப் பேசினார். அது போதும் என்று நான் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டேன். அங்கே என்ன நடத்தினேன் என்று ஞாபகமில்லை.

முடிந்து வெளியே வந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஈஸி மிஸ்" என்றது ஒரு கூட்டம். மீன்காரம்மா மகள் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றாள். கூப்பிட்டுக் கேட்டேன். "கணக்குல சிலது பெருசு பெருசா எழுதியிருந்துச்சு மிஸ். படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். அப்புறம் டைம் ஆயிடுச்சு."

ரெண்டு தடவை படித்திருக்கிறாள். நவம்பர் தொடக்கத்தில் ஒரு தடவைகூடப் படிக்காமல் கூட்டிவிடுகிறவள். எந்த மதிப்பெண்ணிலும் இது வராது. அவளிடம், "நீ செஞ்சதுதான் சரி" என்று சொன்னேன்.

வினாத்தாள்களை எல்லாம் எண்ணி, கட்டி, எடுத்துப் போய்விட்டார்கள்.

10 பிப்ரவரி 2025, திங்கள்

போன வாரம் மாநில அரசின் அடைவுத் தேர்வு, ஸ்லாஸ். 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு. மறுபடி ஓ.எம்.ஆர். நான்கு வட்டத்தை நிரப்புகிறவர்கள் இப்போது யாருமில்லை.

பரக்குக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். பரக் மாதிரிக் கணக்கெடுப்பு. நாடு முழுக்கச் சில பள்ளிகளை, அவற்றில் சில பிள்ளைகளை எடுத்து மாவட்டம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் கிடையாது, எந்தப் பள்ளிக்கும் தரவரிசை கிடையாது. அது நல்லதுதான், பிள்ளையை மிரட்டாத தேர்வு. ஸ்லாஸ் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் நடக்கிறது. அதனால் இதிலாவது வகுப்புக்கு ஏதாவது திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

இந்த மாதம் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோர் சேர்ந்த குழு செய்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் வியாபாரத்தில் சிக்கலான கணக்குகளை மனசிலேயே போடுகிறார்கள். அதே அளவு கணக்கைப் பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் நேர்மாறு. செய்தியைப் படித்ததும் எனக்கு நவம்பர் 8-ஆம் தேதிதான் நினைவுக்கு வந்தது. ஒரு தலையில் இரண்டு கணக்கும் இருக்கிறது, நடுவில் வழி இல்லை. அந்த வழியைப் போட வேண்டியது வகுப்பறைதான்.

இப்போது வெள்ளிதோறும் வகுப்பில் கடை வைக்கிறோம். விலைச்சீட்டை விற்கிறவர் எழுத வேண்டும், வாங்குகிறவர் படிக்க வேண்டும். வாயால் விலை சொல்லக் கூடாது என்பது ஒரே விதி. சத்தம் மாடி வரைக்கும் கேட்கிறதாம்.

10 ஜூலை 2025, வியாழன்

பரக் முடிவுகள் வந்துவிட்டன. நாடு முழுக்க 74 ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள், சுமார் 21 லட்சம் மாணவர்கள். மூன்றாம் வகுப்பில் 99 வரையுள்ள எண்களை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ அடுக்கத் தெரிந்தவர்கள் 55 சதவீதம். இரண்டு இலக்க எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரிந்தவர்கள் 58 சதவீதம். மொழியில் சராசரி 64, கணக்கில் 60.

58 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மீதி 42-ல் எத்தனை பேர் 35-க்காரர்கள், எத்தனை பேர் 79-க்காரர்கள்? பிள்ளைகள் போட்ட ஒவ்வொரு விடையும் கணினிக்குள் இருக்கிறது. எந்தத் தப்பு விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை எடுக்கப் புதிதாக ஒரு தேர்வும் நடத்த வேண்டாம். அதை ஆசிரியர்களிடம் கொடுக்காமல் சராசரியை மட்டும் சொல்வது, ரத்தம் எடுத்துக்கொண்டு போன ஆய்வகம் "உங்கள் மாவட்டத்தில் சர்க்கரை அதிகம்" என்று சொல்லி அனுப்புவது போல இருக்கிறது. எனக்கு என் பிள்ளையின் சீட்டு வேண்டும். பெயர்கூட வேண்டாம், என் வட்டாரத்துக்கு, வினாவாரியாக, விடைவாரியாக ஒரு தாள் போதும்.

அந்த அணி இப்போது நான்காம் வகுப்பில். மீன்காரம்மா மகள் மலருக்கு வந்துவிட்டாள். இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறாள், ஆனால் முழுதாகப் படிக்கிறாள். பெரிய சட்டைப் பையன் கழித்தலில் யாரையும் நம்புவதில்லை, தானே குச்சி எடுத்துச் சரிபார்க்கிறான் என்று நான்காம் வகுப்பு டீச்சர் சொன்னார்.

புதிய மூன்றாம் வகுப்புக்கு இந்த வாரம் அதே 52, 27 கணக்கைக் கொடுத்தேன். இந்த முறை 79 கட்டு பெரிது, 35 கட்டு சிறிது. அதனால் ஆகஸ்ட் முடியும்வரை காலை முதல் பாடவேளை வாசிப்புக்கு. அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் இரண்டு வருடக் கட்டுகளையும் எடுத்துப் போய்க் காட்டப் போகிறேன். மற்றப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பு டீச்சர்களும் இதே கணக்கைக் கொடுத்துப் பிரித்து வந்தால், எங்கள் வட்டாரத்துக்கு அந்தத் தாளை நாங்களே போட்டுவிடலாம். ஆசிரியர் பயிற்றுநரிடம் இன்று பேசினேன். நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.