கோர்தோபாவில் ஒரு பகல்: காலையில் இலவசம், மதியத்தில் கொள்ளை

கேட்காமலேயே மேசைக்கு வந்து சேரும் ஒரு சிறு கூடை ரொட்டிக்குத் தனியாகக் காசு, உள்ளே உட்காராமல் வெளியே குடையின் கீழ் உட்கார்ந்ததற்குத் தனியாகக் காசு என்று பில் போட்டுக் கொடுத்த அந்த உணவகத்தின் மீதான கோபம் இன்னும் தணியவில்லை. ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் உள்ள கோர்தோபாவை நடந்தே பார்க்க நினைப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: பெரிய பள்ளிவாசலைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களில் எங்கும் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

தலைநகர் மத்ரீத்திலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே வந்துவிடலாம். ஆனால் கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்தால் அந்த ஒரு செலவே மற்ற எல்லாச் செலவையும் விழுங்கிவிடும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது. முதல் நாள் இரவே வந்து ரயில் நிலையத்தின் பக்கத்தில் மலிவான அறையொன்றில் தங்கியதற்குக் காரணம், காலை எட்டரை மணி. ‘மெஸ்கீத்தா’ என்று ஊரார் அழைக்கும் அந்தப் பள்ளிவாசல், இன்று கத்தோலிக்கப் பேராலயம், திங்கள் முதல் சனி வரை காலை 8:30 முதல் 9:30 வரை கட்டணமின்றித் திறந்திருக்கிறது. அதற்குப் பிறகு போனால் பத்து யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டும். காசு மிச்சமாவதைவிடப் பெரிய லாபம், அந்த ஒரு மணி நேரத்தில் சுற்றுலாக் குழுக்களை உள்ளே விடுவதில்லை என்பது.

ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்தைக் கடந்து உள்ளே போனவுடன் கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரமாகிறது. பிறகு தூண்கள் தெரிகின்றன. எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கிக்கொண்டே போகின்றன. கி.பி. 785 வாக்கில், அப்போது இப்பகுதியை ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கியபோது, இடிந்த ரோமானியக் கட்டடங்கள், அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்துகளின் கட்டடங்கள் ஆகியவற்றின் தூண்களையே எடுத்து நட்டிருக்கிறார்கள். அதனால் ஒன்று வழுவழுப்பாகவும் அடுத்தது வரிவரியாகவும் இருக்கிறது. தலைப்பகுதியின் பூவேலையும் தூணுக்குத் தூண் மாறுகிறது. இப்படிக் கிடைத்த தூண்கள் இவ்வளவு பெரிய மண்டபத்துக்கு உயரம் போதாமல் குட்டையாக இருந்தன. அதைச் சமாளிக்க வளைவின் மேல் இன்னொரு வளைவை ஏற்றிக் கூரையை உயர்த்தியிருக்கிறார்கள். கீழே இருக்கும் லாட வடிவ வளைவு எதையும் தாங்கவில்லை, தூண்களை அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. கூரையின் பாரம் முழுவதும் மேல் வளைவில்தான். பற்றாக்குறையிலிருந்து பிறந்த ஒரு யோசனை இவ்வளவு அழகாக அமைந்துவிட்டதே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

இன்னொன்றையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பழைய பகுதியில் வளைவின் சிவப்பு செங்கல், வெள்ளை கல். 987 வாக்கில் கலீபாவின் முதன்மை அமைச்சர் அல்மன்சூர் கிழக்குப் பக்கமாக விரிவாக்கிய பகுதியில் எல்லாமே கல்தான். சிவப்பு என்பது மேலே பூசிய வண்ணம். தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. பத்தாம் நூற்றாண்டிலேயே ஒப்பேற்றும் வேலை நடந்திருக்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

தெற்குச் சுவரில் இருக்கும் மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடம், கலீபா இரண்டாம் அல் ஹகம் காலத்தியது. பைசாந்தியம் எனப்பட்ட கிழக்கு ரோமப் பேரரசிலிருந்து வரவழைத்த கைவினைஞரைக் கொண்டு பொன்னிறக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த வேலை அது. கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும் என்றாலும், காலை வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டும் வேறு வேறு கோணத்தில் மின்னுவது தெரிகிறது. அங்கிருந்து திரும்பி நடந்தால் தூண்களின் நடுவே திடீரென்று வெள்ளைவெளேரென ஒரு முழுப் பேராலயம் எழுந்து நிற்கிறது. 1236இல் கிறித்தவ மன்னர் மூன்றாம் ஃபெர்னாந்து நகரைக் கைப்பற்றியதும் பள்ளிவாசல் தேவாலயமானது. 1523இல் நடுப்பகுதியைப் பிய்த்தெடுத்து இதைக் கட்டத் தொடங்கினார்கள். அனுமதி கொடுத்த பேரரசர் ஐந்தாம் கார்லோஸே பிறகு நேரில் பார்த்து நொந்துகொண்டார் என்று ஒரு கதை உண்டு. பாடகர் குழுவின் மர இருக்கைகளில் உள்ள செதுக்கு வேலை உயர்தரமானது என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் என் பார்வையில் அது வந்து சேரக் கூடாத இடத்துக்கு வந்து சேர்ந்த விருந்தாளிதான். தேவாலயமாக மாறியதால்தான் கட்டடம் இடிபடாமல் தப்பியது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்பதரை நெருங்கியதும் காவலர்கள் கையைத் தட்டி எல்லாரையும் வாசல் பக்கம் நகர்த்தத் தொடங்கிவிடுகிறார்கள்.

வெளியே வந்தால் ரோஸ்மேரிக் கொத்துடன் பெண்கள் காத்திருக்கிறார்கள். புன்னகையோடு கையில் ஒரு கொத்தைத் திணித்து, அதே கையைப் பிடித்துக்கொண்டு ரேகை பார்க்கத் தொடங்கி, முடிவில் பணம் கேட்பார்கள். நாணயத்தை நீட்டினால் முகம் மாறும், நோட்டுதான் வேண்டும். கையை இருபுறமும் பையில் விட்டுக்கொண்டு நிற்காமல் நடப்பதே வழி.

யூதர் குடியிருப்பின் சந்துகள் வெயிலுக்காகவே இவ்வளவு குறுகலாகவும் வெள்ளையாகவும் இருக்கின்றன. ‘மலர்ச் சந்து’ என்று பெயர் பெற்ற ஒன்றில் படமெடுக்க வரிசை நின்றது. அதைத் தவிர்த்துவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. 1315இல் கட்டிய யூதர்களின் சிறிய தொழுகைக் கூடத்தைத்தான் தவறவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கு இலவசம், நமக்குச் சில்லறைக் காசு. நம் வீட்டுக் கூடம் அளவே இருக்கும் அந்த அறையின் சுவர்களில் சுதை வேலைப்பாடும் எபிரேய வாசகங்களும் பாதி உதிர்ந்தும் உதிராமலும் இருக்கின்றன. 1492இல் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றிய பிறகு அது வெறிநாய்க்கடி நோயாளிகளுக்கான மருத்துவமனையாகவும், பின்னர் செருப்புத் தைப்பவர்களின் வழிபாட்டுக் கூடமாகவும் இருந்திருக்கிறது. அதே தெருவில் இந்நகரில் பிறந்த யூத தத்துவ அறிஞர் மைமோனிதீஸின் சிலை உட்கார்ந்திருக்கிறது. தொட்டுத் தொட்டு அதன் செருப்பு மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது.

ரொட்டிக் கொள்ளை நடந்தது மதியம் இரண்டு மணிக்கு. அதற்கு ஈடு செய்வதுபோல் மாலையில் கொர்ரேதேரா சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சிறு கடை கிடைத்தது. தக்காளி, பழைய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை அரைத்துக் குளிரவைத்த சல்மொரேஹோ இவ்வூரின் சொந்த உணவு. மேலே அவித்த முட்டையும் பன்றி இறைச்சித் துணுக்கும் தூவுவார்கள். இறைச்சி வேண்டாம் என்று முன்னதாகவே அழுத்திச் சொல்லிவிட வேண்டும், சைவம் என்று மட்டும் சொன்னால் துணுக்குகளை இறைச்சிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக, வெயிலில் வெந்து வந்த தொண்டைக்குள் இறங்கிய அந்த முதல் வாய்க்கு என்ன விலை கொடுத்தாலும் தகும். கூடவே கரும்புப்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். நின்றுகொண்டே சாப்பிட்டதால் இரண்டும் சேர்ந்து மதிய உணவின் பாதி விலைகூட ஆகவில்லை.

பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை பல கடைகள் சாத்திவிடுகின்றன, கோடையில் 40 டிகிரி என்பது இங்கே செய்தியே இல்லை. சாப்பிட்டது போக மிச்சமிருந்த அந்த நேரத்தைச் சான் பசிலியோ பகுதியின் வீட்டு முற்றங்களில் கழித்தேன். மே மாதத்தில் நடக்கும் முற்றத் திருவிழாவை யுனெஸ்கோ 2012இல் பட்டியலில் சேர்த்தது. மற்ற மாதங்களில் சில வீடுகளைக் கட்டணத்துக்குத் திறந்து விடுகிறார்கள். சுவர் முழுக்க நீலத் தொட்டிகளில் தொங்கும் ஜெரேனியச் செடிகளுக்கு, நீண்ட மூங்கிலின் முனையில் கட்டிய தகரக் குவளையால் ஒரு பாட்டி தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டும் சுவரில் சிந்தவில்லை.

ரோமானியர் பாலத்தைச் சூரியன் சாயும்போது கடப்பதே சரி, பகலில் அதன் மேல் துளி நிழல் கிடையாது. பெயர்தான் ரோமானியர் பாலம். பலமுறை பழுது பார்த்ததில் பழைய கல் மிகச் சிறிதளவே மிஞ்சியிருக்கிறது. ஒன்றுக்கு இரண்டு மடங்கு விலை சொல்லும் குதிரை வண்டிக்காரர்கள் பாலத்தின் நகரப் பக்கத்தில்தான் நிற்பார்கள், பேரம் பேசும் பொறுமை எனக்கு இல்லை. மெதினா அசஹாரா என்னும் கலீபாவின் அரண்மனை இடிபாடுகளையும் பார்க்க விரும்பினால், அது ஊருக்கு வெளியே எட்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நடந்து போகும் இடமில்லை, அதற்கென ஓடும் பேருந்தில் போக வேண்டும், இன்னொரு நாளும் வேண்டும். அப்படி ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால், மறுநாள் காலை எட்டரைக்கு மீண்டும் மெஸ்கீத்தாவுக்கே போங்கள், இலவசம்தானே.