கீழாநெல்லியும் எலியின் ஈரலும்: சோதனை எங்கெங்கே பிசகும்

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பச்சையாகப் பிடுங்கி அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். மருந்தியல் மாணவர்கள் முதல் ஆய்வுக்கு இந்தச் செடியை எடுப்பதும் அதனால்தான். செடி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, செய்முறைகள் அச்சில் இருக்கின்றன, முடிவும் பெரும்பாலும் ‘ஈரலைக் காக்கிறது’ என்றே வருகிறது. அந்த முடிவில் செடியின் பங்கு எவ்வளவு, சோதனையை அமைத்த விதத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் செடி. கீழாநெல்லி என்று கட்டுக்கட்டாக விற்பது எப்போதும் ஒரே செடியாக இருக்காது. நமக்கு வேண்டியது பில்லாந்தஸ் அமாரஸ். பழைய கட்டுரைகள் இதையே பில்லாந்தஸ் நிருரி என்று எழுதின. நிருரி உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் செடி. வயல் வரப்பில் அமாரஸோடு சேர்ந்தே யூரினேரியா, டெபிலிஸ், ஃபிரேட்டர்னஸ், மதராஸ்படென்சிஸ் எல்லாம் முளைக்கும். யூரினேரியாவின் காய் ஏறக்குறையக் காம்பே இல்லாமல் ஒட்டியிருக்கும், தொட்டால் சொரசொரக்கும், தண்டில் செந்நிறம் ஓடும். அமாரஸின் காய் வழவழப்பானது, சிறு காம்பில் தொங்கும். பூவின் மடல்கள் ஐந்து என்றால் அமாரஸ். ஆறு என்றால் ஃபிரேட்டர்னஸாக இருக்கலாம். கைலென்ஸ் இருந்தால் போதும். ஆனால் காய்ந்து நொறுங்கிய கட்டை வாங்கிவிட்டால் இதில் ஒன்றையும் பார்க்க முடியாது. அதனால் பூவும் காயும் உள்ள பச்சைச் செடியாகப் பறித்து, ஒன்றை வேரோடு அழுத்தி உலர்த்தி, ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடிகளின் காப்பகம்) எண் வாங்கி வைப்பது அவசியம். பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற லிக்னான்களை (ஒருவகைத் தாவரப் பொருள்கள்) நம்பி ஆய்வைத் தொடங்குகிறீர்கள் என்றால், அவை இலையில்தான் அதிகம். தண்டில் மிகக் குறைவு. தண்டு மிகுந்த பொடி எடை காட்டும், மருந்து காட்டாது.

நிழலில் உலர்த்தி, 40 டிகிரிக்கு மேல் சூடு படாமல் பார்த்து, பொடித்து, 40 மெஷ் சல்லடையில் சலிக்கவும். 100 கிராம் பொடிக்கு ஒரு லிட்டர் 70 சதவீத எத்தனால், மூடிய குடுவையில் மூன்று நாள், அவ்வப்போது குலுக்கல். வடிகட்டிவிட்டுச் சக்கையில் இன்னும் இருமுறை புதுக் கரைப்பான் ஊற்றி எடுக்கலாம். ரோட்டரி எவாப்பரேட்டரில் 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சாக்ஸ்லெட் என்ற சாறெடுக்கும் கருவியில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் ஜெரானின் என்ற டானின் சிதைந்து கோரிலாகின், எல்லாஜிக் அமிலம், காலிக் அமிலம் என்று மாறும். வெறும் தண்ணீரில் காய்ச்சினாலோ டானின் வரும், லிக்னான் சரியாக வராது. கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்த மருந்தைச் சோதிக்கப்போகிறோம் என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். மோரில் கலந்து குடிக்கும் பச்சை அரைப்பைப் பற்றி எத்தனால் சாறு எதையும் நேரடியாகச் சொல்லாது.

காய்ந்த சாறு பிசுபிசுவென்று ஈரத்தை இழுக்கும். டெசிக்கேட்டரிலிருந்து (ஈரம் புகாத மூடிய கலம்) எடுத்த உடனே எடை போடாவிட்டால் 200 மில்லிகிராம் என்று எழுதுவதில் ஒரு பங்கு தண்ணீர்தான். எத்தனால் முழுவதும் போய்விட்டதா என்பதை, இரண்டு நாள் அடுத்தடுத்து எடை மாறாமல் நிற்பதை வைத்து உறுதி செய்யவும். மிச்ச எத்தனால் ஏன் ஆபத்து என்பது கீழே வரும்.

சோதனைக் குழாயில் செய்யும் ஆன்டிஆக்சிடன்ட் வேலை இதில் எளிய பகுதி. டிபிபிஎச் (ஆன்டிஆக்சிடன்ட் பட்டால் நிறம் மங்கும் ஊதாப் பொருள்) 3.9 மில்லிகிராமை 100 மில்லி மெத்தனாலில் கரைத்தால் ஏறக்குறைய 0.1 மில்லிமோலார். சாறு கலந்து இருட்டில் 30 நிமிடம், 517 நானோமீட்டரில் அளவு. மெத்தனாலுக்குக் கண்ணாடி அல்லது குவார்ட்ஸ் கியூவெட்தான் நல்லது. அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. பச்சைச் சாறுக்குச் சொந்த நிறம் உண்டு. ஒவ்வொரு செறிவுக்கும் டிபிபிஎச் இல்லாத ஒரு பிளாங்க் வைத்துக் கழிக்காவிட்டால் சாறு உண்மையைவிட வலுக் குறைந்ததாகத் தெரியும். மற்றது, ஐசி50 (டிபிபிஎச்சில் பாதியை அடக்கும் செறிவு) எந்தச் செறிவுக்கு? ஒரு மில்லி சாறோடு மூன்று மில்லி டிபிபிஎச் சேர்த்தால், ஊற்றிய சாறின் செறிவுக்கும் குழாயில் இருக்கும் செறிவுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம். இதைச் சொல்லாத எண்ணை வேறு எந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது. ஃபோலின் முறையில் 765 நானோமீட்டரில் வரும் ‘மொத்த ஃபீனால்’ கணக்கிலும் வைட்டமின் சி, சில சர்க்கரைகள், புரதம் எல்லாம் சேர்ந்தே வரும்.

டானின் நிறைந்த செடிக்கு இந்தச் சோதனைகளில் நல்ல எண் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஜெரானின் போன்ற பெரிய மூலக்கூறுகள் குடலிலிருந்து அப்படியே ரத்தத்துக்குப் போவதில்லை. குடல் பாக்டீரியாக்கள் உடைத்து யூரோலிதின்களாக மாற்றியதுதான் ஈரலை எட்டுகிறது. ஆகவே டிபிபிஎச்சில் வந்த எண்ணை வைத்து ஈரலுக்குள் நடப்பதை விளக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாறு ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் வருகிறதா என்று பார்க்க இந்த அளவுகள் உதவும். இரண்டு முறைகள் போதும். ஏழெட்டு முறைகள் செய்து பக்கம் நிரப்ப வேண்டாம்.

விலங்குச் சோதனைக்கு நிறுவன விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் கையில் வந்த பிறகுதான் எலி கூண்டுக்கு வர வேண்டும். ஓஇசிடி 423 என்ற சர்வதேச வழிகாட்டியின் முறையில் கடும் நச்சுத்தன்மையைப் பார்த்துவிட்டு, குழுவுக்கு ஆறு விஸ்டார் வெள்ளெலிகள்: இயல்பு, ஈரலைக் கெடுக்கும் நஞ்சு மட்டும், நஞ்சோடு சிலிமரின் (ஒப்பீட்டுக்கான ஈரல் மருந்து), நஞ்சோடு சாறு இரண்டு அளவுகளில், கூடவே சாறு மட்டும். கடைசிக் குழுவைச் செலவு கருதி விட்டுவிடுகிறார்கள். சாறு தானாகவே ஈரலின் குளூட்டதயோனை (நஞ்சை முறிக்கும் பொருள்) உயர்த்துகிறதா, அல்லது ஈரலைப் புண்ணாக்குகிறதா என்று சொல்லக்கூடியது அந்தக் குழு ஒன்றுதான். சிலிமரின் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால், 140 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்துப் போடுபவர்கள் மாத்திரையின் மொத்த எடையில் மருந்து எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அது தண்ணீரில் கரையாது, அடியில் தங்கும். ஒவ்வொரு எலிக்கும் முன்பு குலுக்காவிட்டால் முதல் எலிக்கு வெறும் தண்ணீரும் ஆறாவது எலிக்கு மொத்த மருந்தும் போகும்.

நஞ்சு என்று பெரும்பாலும் எடுப்பது கார்பன் டெட்ராகுளோரைடு. ஈரலின் சிஒய்பி2இ1 நொதி இதை டிரைகுளோரோமெத்தில் ரேடிக்கலாக மாற்றுகிறது. அது கொழுப்புப் படலங்களைச் சிதைக்கிறது. மத்திய சிரையைச் சுற்றியுள்ள செல்கள் முதலில் சாகின்றன. ‘ஆலிவ் எண்ணெயில் 1:1, கிலோவுக்கு 1 மில்லி’ என்று எழுதுவது இரண்டு பொருள் தரும். கலவை ஒரு மில்லியா, கார்பன் டெட்ராகுளோரைடு மட்டும் ஒரு மில்லியா? முன்னதில் நஞ்சு சரிபாதிதான். பாலிஸ்டைரீன் குழாயில் இதைக் கலந்தால் பிளாஸ்டிக் இளகும். கண்ணாடி சிரிஞ்சு, புகைக்கூண்டு (ஃப்யூம் ஹூட்), கையுறை இல்லாமல் தொட வேண்டாம். நமக்கும் ஈரல் ஒன்றுதான்.

பாராசிட்டமால் மாதிரி மனிதருக்கு நெருக்கமானது. ஆனால் எலியைவிடச் சுண்டெலிதான் இதற்கு ஏற்றது. பெரிய எலி நன்றாகத் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் எலிக்குக் கிலோவுக்கு 2 கிராம் வரை போகிறார்கள். கிலோவுக்கு 10 மில்லி என்று கொடுத்தால் மில்லிக்கு 200 மில்லிகிராம். கூழ்போல் கெட்டியாக நின்று ஊசியை அடைக்கும். இரவு முழுக்கப் பட்டினி போடாமல் கொடுத்தால் சில எலிகளுக்கு எஸ்ஜிபிடி (ஈரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி) ஆயிரத்தைத் தாண்டும், பக்கத்துக் கூண்டில் அசையாது. பட்டினி குளூட்டதயோனைக் குறைக்கிறது. எல்லா எலிகளுக்கும் ஒரே நேரம் பட்டினி இருக்க வேண்டும்.

இனி மிக முக்கியமான இடம். இந்த இரண்டு நஞ்சுகளுமே தாமாக ஈரலைக் கொல்வதில்லை. சிஒய்பி நொதிகள் மாற்றிய பிறகுதான் கொல்கின்றன. ஏழு நாள் சாறு கொடுத்துவிட்டு எட்டாம் நாள் நஞ்சு கொடுக்கும் வழக்கமான அமைப்பில், சாறு அந்த நொதியைத் தடுத்துவிட்டால் நஞ்சே உருவாகாது. எஸ்ஜிபிடி இறங்கும், திசுப்படம் அழகாக இருக்கும், கொழுப்புச் சிதைவைக் காட்டும் மாலோன்டைஆல்டிஹைடும் குறையும். அதைப் பார்த்து ‘ஆன்டிஆக்சிடன்ட் செயலால் காத்தது’ என்று எழுதினால் தவறு. காமாலையோடு வரும் நோயாளிக்கு, முன்கூட்டியே நொதியைத் தடுக்கும் மருந்தால் பயன் இல்லை.

கரைப்பானும் இதையே செய்யும். லிக்னான் கரையவில்லை என்று சாறை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால், டிஎம்எஸ்ஓ தானே அந்த நொதிகளைத் தடுத்துப் பாராசிட்டமாலிலிருந்து ஈரலைக் காத்துவிடும். மிச்ச எத்தனாலும் அதே நொதிக்குப் போட்டி போடும். 0.5 சதவீத சிஎம்சியில் (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கரைசல்) நன்றாக அரைத்து, கரையாமல் மிதக்கும் கலவையாகக் கொடுப்பதே நல்லது. நஞ்சு மட்டும் பெறும் குழுவுக்கும் அதே சிஎம்சி, அதே அளவு, அதே நாட்கள்.

இதைப் பிரித்தறிய வழி உண்டு. சுண்டெலிக்குப் பாராசிட்டமால் கொடுத்த அரை மணி நேரத்தில் ஒரு சிறு குழுவின் ஈரலை எடுத்துக் குளூட்டதயோன் பார்க்கவும். நஞ்சு மட்டும் பெற்ற குழுவில் அது சரிந்திருக்கும். சாறு பெற்ற குழுவில் சரியவே இல்லை என்றால், நஞ்சு உருவாவதையே சாறு தடுத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டிலும் ஒரே அளவு சரிந்து, 24 மணி நேரத்தில் சாறு பெற்ற ஈரல் மட்டும் தேறியிருந்தால் அது வேறு கதை, நல்ல கதை. நஞ்சு கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சாறு கொடுக்கும் குழு ஒன்றையும், ஒப்பீட்டுக்கு அசிட்டைல்சிஸ்டீனையும் சேர்த்தால் முடிவுக்கு வலு கூடும்.

ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் எஸ்ஜிஓடி என்ற நொதி பொய்யாக உயரும். இளஞ்சிவப்பான சீரத்தை ஒதுக்கிவிடுங்கள். ஏஎல்பி என்ற நொதி எலியில் எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் நிறைய வருகிறது. ஒரே தவணைக் கார்பன் டெட்ராகுளோரைடில் பிலிருபின் பெரிதாக ஏறாது. எலிக்குப் பித்தப்பையும் கிடையாது. ஆகவே இந்தச் சோதனையிலிருந்து ‘காமாலை மருந்து’ என்ற முடிவுக்குத் தாவ முடியாது. ஈரலைப் பனிக்கட்டியின் மேல் வைத்து 10 சதவீத ஹோமோஜினேட் ஆக்கி, 532 நானோமீட்டரில் மாலோன்டைஆல்டிஹைடு பார்க்கும்போது பிஎச்டி (பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன்) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்க்காவிட்டால், கொதிநீரில் வைக்கும் நேரத்திலேயே புதிதாக ஆக்சிஜனேற்றம் நடக்கும். ஃபார்மலினில் போடும் துண்டு எல்லா எலிக்கும் ஒரே மடலிலிருந்து வரட்டும். ஸ்லைடைப் பார்ப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

அளவைப் பற்றி ஒன்று. 1988-இல் லான்செட்டில் வந்த சென்னை ஆய்வில், ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கி நடப்பவர்களுக்கு அமாரஸ் பொடி 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கும், வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கும் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. பிறகு வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்த விளைவு திரும்பக் கிடைக்கவில்லை. நாளைக்கு 0.6 கிராம் பொடி என்ற அந்த அளவை எலிச் சோதனையோடு வைத்துப் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு என்பதை, எலி அளவை மனித அளவாக்கும் எண்ணான 6.2-ஆல் வகுத்தால் மனிதருக்குக் கிலோவுக்கு 32 மில்லிகிராம். 60 கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.9 கிராம் சாறு. நூறு கிராம் பொடியில் 15 கிராம் சாறு கிடைக்கிறது என்று கொண்டால் அது 13 கிராம் பொடி, அந்த மனித அளவைப் போல இருபது மடங்குக்கும் மேல். அந்த 0.6 கிராமிலிருந்து திருப்பிக் கணக்கிட்டால் எலிக்குக் கிலோவுக்கு 9 மில்லிகிராம்தான் வருகிறது. 200, 400 என்று இரண்டு உயர்ந்த அளவுகள் வைப்பதற்குப் பதிலாக ஒன்றைக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று வைத்தால், மனிதர் உண்ணக்கூடிய அளவில் இந்தச் செடி ஏதாவது செய்கிறதா என்பது அதே 36 எலிகளில் தெரிந்துவிடும்.