யாரையும் கேட்காமல் அறிவித்த சுதந்திரம்

மறு தரப்பின் சம்மதம் இல்லாமல் ஒரு தரப்பு தானாகவே செய்வதுதான் 'யூனிலேட்டரல்'. செய்தியில் இந்தச் சொல் வந்தாலே எனக்கு ரொடீசியா ஞாபகம்தான்; ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் காலனியாக இருந்த இன்றைய ஜிம்பாப்வேதான் அது. 1965 நவம்பர் 11 அன்று இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு, பிரிட்டனை மீறித் தானே சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. கறுப்பினப் பெரும்பான்மையின் கைக்கு ஆட்சி போய்விடக் கூடாது, அதற்குத்தான் அத்தனை அவசரம். பிரிட்டனைக் கேட்காததைவிட, அந்த மண்ணின் மக்களையே கேட்காததுதான் பெரிய அநியாயம் என்பேன்.

மறுநாளே ஐ.நா. பாதுகாப்பு அவை கண்டித்தது. எந்த நாடும் முறைப்படி அங்கீகரிக்கவில்லை. பக்கத்தில் இருந்து உதவிய தென்னாப்பிரிக்காகூட! பொருளாதாரத் தடை, கெரில்லாப் போர், ஆயிரக்கணக்கில் உயிர்ப்பலி. கடைசியில் 1979-இல் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் உட்கார்ந்து பேசித்தான் தீர்வு வந்தது. 1980 ஏப்ரல் 18 அன்று ஜிம்பாப்வே விடுதலை பெற்றது.