விரலில் ஆடும் அப்பா

நேற்று ராத்திரி அந்த வீடியோவை மறுபடியும் போட்டேன். பூட்டோ என்ற ஜப்பானிய நவீன நடனத்தை ஆடும் கலைஞர் யோஷிதோ ஓனோ, அதே நடனத்தை ஆடிய அப்பா கசுவோ ஓனோவின் உருவில் செய்த குட்டிப் பொம்மையை விரலில் மாட்டிக்கொண்டு ஆடுகிறார். விரல் லேசாக வளைகிறது, பொம்மை தலை குனிகிறது. அவ்வளவுதான், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் கண் யோஷிதோவின் முகத்துக்குப் போகவே இல்லை.

கசுவோவும் ஒரு மூத்தவருக்காக ஆடியவர்தான். இளம் வயதில் தோக்கியோவில் பார்த்த ஸ்பானிய நடனக்காரி லா அர்ஹெந்தினாவை மறக்காமல், 1977இல், 71 வயதில், முகத்தில் வெள்ளைப் பூச்சும் பெண் உடையுமாக மேடையேறினார். நெறிப்படுத்தியவர் பூட்டோவின் முன்னோடி ஹிஜிகாதா. பூட்டோ என்றாலே கோரம் என்பவர்கள் கசுவோவின் கைகளை ஒருமுறை பார்க்க வேண்டும்!

2010இல், 103 வயதில் அவர் போனார். 2020இல் யோஷிதோவும். வீடியோ முடிந்தும் என் ஆள்காட்டி விரலை மடக்கி நிமிர்த்தியபடியே உட்கார்ந்திருந்தேன்.