கொடுத்தவர் ஊர் தேடி எழுந்தருளும் ஐயாறப்பர்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்பவர்கள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைப் பாலங்களின் வழியே கடந்துதான் ஐயாறப்பர் சந்நிதியை அடைகிறார்கள். பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, இந்த ஐந்தும் மதகுகளின் வழியாகவும் தண்ணீர்க் கணக்குகளின் வழியாகவும் பழகிய பெயர்கள். திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிவதையும், தென்பெரம்பூரில் வெண்ணாற்றை விட்டு வெட்டாறும் வடவாறும் பிரிவதையும் முறைப்பாசனக் காலங்களில் இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறுகளின் கரையில் அமர்ந்திருக்கும் இறைவனை அவசரமின்றித் தரிசிக்கும் பேறு ஓய்வுக்குப் பிறகே வாய்த்தது.

தை மாதத்தில் எங்கள் இளைய மகளின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியது. சித்திரை பிறந்ததும், இந்த ஆண்டு ஏழூர்த் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியும் உடன் வருவதாகச் சொல்லவே, மூவரும் புறப்பட்டோம். கல்யாணம் முடிந்த வீட்டார் ஏழூருக்குப் போவது பொருத்தமானதுதான். ஏனென்றால் ஏழூர்த் திருவிழாவே ஒரு கல்யாணத்தின் தொடர்ச்சி.

சிலாத முனிவரின் மகனாக வளர்ந்த நந்திதேவர் திருவையாற்றில் தவமிருந்து இறைவனின் அருளைப் பெற்றார். அவரைத் தம் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்ட ஐயாறப்பர், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியில் சுயசாம்பிகை என்னும் பெண்ணை அவருக்கு மணமுடித்து வைத்தார் என்பது தலவரலாறு. பங்குனி மாதப் புனர்பூசத்தில் இன்றும் அந்தத் திருமணம் நடக்கிறது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு, வரன் தேடும் வீட்டார் அங்கே கூடுகிறார்கள். அந்தக் கல்யாணத்துக்குத் திருப்பழனத்திலிருந்து பழங்கள் வந்தன. திருச்சோற்றுத்துறை சோறு அளித்தது. திருவேதிகுடி வேதியர்களை அனுப்பியது. திருக்கண்டியூர் ஆபரணங்களையும், திருப்பூந்துருத்தி பூக்களையும், தில்லைஸ்தானம் என்று நாம் வழங்கும் திருநெய்த்தானம் நெய்யையும் கொடுத்தன. கல்யாணம் முடிந்தபின், மணமக்களையும் அழைத்துக்கொண்டு அத்தனை ஊர்களுக்கும் ஐயாறப்பர் தாமே நன்றி சொல்லச் செல்வதுதான் சித்திரை விசாகத்தை ஒட்டி நடக்கும் ஏழூர்ப் பல்லக்கு.

இதில் என் மனம் தோய்ந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. இறைவனுக்கு யாரிடமும் எதுவும் வாங்க வேண்டிய தேவை இல்லை. அவரோ ஊராரிடம் பழமும் நெய்யும் வாங்கித்தான் பிள்ளைக்குக் கல்யாணம் செய்கிறார். வாங்கியதற்கு நன்றி சொல்ல ஆள் அனுப்பாமல், வெயிலிலும் ஆற்று மணலிலும் தாமே புறப்பட்டு வருகிறார். இந்தக் கதையை இப்படிச் சொல்லி வைத்த நம் முன்னோர், குடும்பம் நடத்துவது எப்படி என்பதைத் தெய்வத்தின் மேல் ஏற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன்.

என் தந்தையார் அப்படி நடந்தவர். என் தமக்கையின் திருமணத்துக்குப் பிறகு அவர் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு மிதிவண்டியில் ஊர் ஊராகப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை மொய் நோட்டு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நடுக்காவேரி அத்தை வீட்டிலிருந்து இரண்டு கலம் நெல், அய்யம்பேட்டை மாமா அனுப்பிய பந்தல் கீற்று, கீழத்தெருவிலிருந்து வாழையிலைக் கட்டு, சலவைத் தொழிலாளி கொண்டுவந்த மாற்றுவேட்டி என்று பணமல்லாத கொடைகளும் அதில் இருக்கும். பெயருக்கு எதிரே அவர் போய் வந்த தேதியும் இருக்கும். வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துக் கொடுத்து, உங்கள் புண்ணியத்தில் காரியம் நன்றாக நடந்தது என்று சொல்லி வருவார். மாற்றுவேட்டி கொடுத்தவர் வீட்டுக்கும் அதே மரியாதையோடுதான் போவார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி, சமையலை ஒப்பந்தத்துக்கு விட்டுவிடும் இந்தக் காலத்திலும், கொடுப்பவர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இளைய மகளின் கல்யாணத்துக்கும் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் வந்து இறங்கியது; மூன்று நாள் முன்னதாகவே வந்து முறுக்குச் சுற்றிக் கொடுத்த உறவுப் பெண்கள் இருந்தார்கள்.

பல்லக்கு புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையிலேயே திருவையாற்றுக்குப் போய்விட்டோம். தெற்கு வாசலில் ஆட்கொண்டார் சந்நிதி முன் உள்ள குழியில் குங்கிலியம் புகைந்துகொண்டிருந்தது. என் மனைவி ஒரு பொட்டலம் வாங்கி இட்டாள். கருவறையைச் சுற்றியுள்ள உட்பிராகாரத்தை வலம் வரும் வழக்கம் இங்கே இல்லை. இறைவனின் விரிந்த சடை பின்புறம் பரவிக் கிடப்பதாக ஐதீகம் என்பதைப் பேத்திக்குச் சொன்னேன். பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் நின்று ஐயாறா என்று அவள் கூப்பிட, குரல் மதில்களில் பட்டுப் பலமுறை திரும்பி வந்தது. வெள்ளம் புரண்ட காவிரியின் தென்கரையில் நின்று சுந்தரர் ஐயாறுடைய அடிகளோ என்று ஓலமிட, ஆறு விலகி வழிவிட்டதாகச் சொல்வது இந்தத் தலத்தைப் பற்றித்தானே.

அதே வளாகத்தில் இருக்கும் வடகயிலாயத்தையும் பார்த்தோம். முதலாம் ராஜராஜனின் தேவி தந்திசக்தி விடங்கி என்னும் லோகமாதேவியார் எடுப்பித்த கோயில் அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், நாம் கொடுத்தனவும் அக்கன் கொடுத்தனவும் நம் பெண்டுகள் கொடுத்தனவும் மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் ஆணையிட்ட செய்தி வருகிறது. அரசன் தன் கொடைக்கு அடுத்த இடத்தைத் தமக்கை குந்தவைக்குக் கொடுக்கிறான், அடுத்துத் தேவியர், அதன்பின் கொடுத்த மற்றவர்கள் எல்லோரும். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அதற்கு நாள்தோறும் உழக்கு நெய் என்று இன்னார் ஏற்றுக்கொண்ட கடமையெல்லாம் அங்கே கல்லில் இருக்கிறது. என் தந்தையார் கல்வெட்டுப் படித்தவர் அல்லர். ஆனாலும் கொடுத்தவர் பெயரை அழியாமல் எழுதி வைக்கும் வழக்கம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளாக இருந்து, எப்படியோ அவர் கைக்கும் வந்திருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில் ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கிலும், நந்திதேவரும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் எழுந்தருளினார்கள். பல்லக்கு அருகில் வரும்போது பூவின் மணத்தை முந்திக்கொண்டு வெட்டிவேரின் குளிர்ந்த மணம் வந்தது. நாங்கள் முடிந்த தூரம் நடந்தும், முடியாத இடங்களில் ஆட்டோவில் ஏறியும் பின்தொடர்ந்தோம்.

திருப்பழனத்தில் ஆபத்சகாயேசுவரர் எதிர்கொண்டு அழைத்தார். இந்தத் தலத்துக்குப் பக்கத்திலுள்ள திங்களூரில் வாழ்ந்தவர் அப்பூதி அடிகள். நேரில் ஒருமுறையும் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கும், தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் இட்டவர். வழிநெடுகிலும் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபோது, அப்பூதியடிகளின் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை என்றே தோன்றியது. அவருடைய மகன் அப்பருக்கு வாழையிலை அறுக்கப் போன இடத்தில் அரவம் தீண்டிய கதையையும், அப்பர் பதிகம் பாடி அவனை எழுப்பிய கதையையும் பேத்தி கேட்டுக்கொண்டே நடந்தாள்.

அங்கிருந்து தென்கரைக்கு ஆற்றின் வழியாகவே பல்லக்குகள் செல்கின்றன. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடிவிடுவதால், சித்திரையில் காவிரி பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். நான் தண்ணீர் அளந்த ஆற்றின் நடுவே, கால் புதையும் மணலில் இத்தனை சனமும் தெய்வமும் ஒன்றாகக் கடந்து போவதைப் பார்க்கையில் பேச நா எழவில்லை. தண்ணீர் இருக்கும்போது பயிரையும் இல்லாதபோது சாமியையும் தாங்குகிறாள் காவிரி என்று என் மனைவிதான் சொன்னாள்.

திருச்சோற்றுத்துறையில் நெடுநேரம் தங்கிவிட்டோம். பஞ்ச காலத்தில் அருளாளர் என்னும் அடியாருக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை அளித்த தொலையாச்செல்வர் இத்தலத்து இறைவன். அம்பிகையின் திருநாமம் அன்னபூரணி. அந்தப் பெயர்களுக்கு ஏற்ப, தெருவில் வீட்டுக்கு வீடு சோறு. புளியோதரையும் தயிர்ச்சோறும் தொன்னையில் வைத்து நீட்டியபடி, முன்பின் தெரியாத எங்களை ஒரு மூதாட்டி திண்ணைக்கே அழைத்தார்.

“உக்காந்து சாப்பிடுங்கய்யா. பாப்பா, நீயும் வா. சாமி நம்ம ஊருக்கு வந்திருக்கிற அன்னைக்கு யாரும் பசியோட தாண்டிப் போகக்கூடாது” என்றார். குறுவைக்கு ஆற்றுத் தண்ணீர் வருமோ வராதோ என்ற கவலையும் அவர் பேச்சில் இருந்தது. வயலின் பரப்பைக் கேட்டேன், சொற்பம்தான். அந்தச் சொற்பத்திலிருந்து ஒரு மூட்டை அரிசி இந்த நாளுக்கென்று ஒதுக்கி வைப்பார்களாம். மாமியார் காலத்து வழக்கம் என்றார்.

திருவேதிகுடியில் வேதபுரீசுவரரையும் மங்கையர்க்கரசி அம்மனையும் வணங்கினோம். சிவபெருமான் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்டவீரட்டானங்களுள் ஒன்றான கண்டியூரில் கூட்டம் மிகுதியாக இருந்ததால், பிரமனும் சரசுவதியும் ஒன்றாக அமர்ந்திருக்கும் சந்நிதியை மட்டும் பேத்தியின் படிப்பை வேண்டித் தொழுதுவிட்டு நகர்ந்தோம்.

திருப்பூந்துருத்தி அப்பர் மடம் அமைத்துத் தங்கியிருந்த ஊர். திருஞானசம்பந்தர் முத்துச் சிவிகையில் இவ்வூரை நெருங்கியபோது, வயதில் மூத்தவரான அப்பர் கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து அந்தச் சிவிகையைத் தம் தோளில் தாங்கினார். அப்பர் எங்குற்றார் என்று சம்பந்தர் வினவ, உம் அடிகளைத் தாங்கிவரும் பெருவாழ்வு பெற்று இங்குற்றேன் என்று கீழிருந்து விடை வந்ததாம். அந்த ஊரில், பல்லக்கை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்த சீர்பாதம் தாங்கிகளோடு பேசினேன். அவர்களில் மூத்தவரின் தோளில் காய்ப்பு ஏறியிருந்தது. “எங்கப்பா தூக்குனாருங்க, நான் தூக்குனேன். இப்ப பையன் துபாயிலேருந்து லீவு போட்டுட்டு வந்து தூக்குறான்” என்று பக்கத்தில் நின்ற இளைஞரைக் காட்டினார். அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பரம்பரை அழிந்துவிட்டது என்று ஓய்வு பெற்றவர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி பேசுகிறோம். நான் இனி அந்தப் பேச்சில் சேரப்போவதில்லை.

தில்லைஸ்தானத்தில் நெய்யாடியப்பரைத் தரிசித்தபின், ஒவ்வோர் ஊரிலும் உடன் சேர்ந்துகொண்ட பல்லக்குகளோடு சேர்ந்து ஏழு பல்லக்குகளாக ஐயாறப்பர் ஊர் திரும்பினார். பொம்மை ஒன்று சுவாமிக்குப் பூப்போடும் நிகழ்ச்சியைக் காண, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தந்தைமார்கள் நின்றார்கள். அந்தப் பொம்மை குனிந்து பூவைச் சொரிந்ததும் எழுந்த ஆரவாரத்தில் என் பேத்தியின் குரலும் சேர்ந்திருந்தது. பிறகு தீபாராதனை முடிந்து, வந்த ஊர்ப் பல்லக்குகள் விடைபெற்றுத் தத்தம் ஊருக்குத் திரும்பின.

வீட்டுக்கு வந்ததும், இளைய மகளையும் மாப்பிள்ளையையும் வைகாசியில் ஒரு வாரம் வந்து தங்கச் சொல்லித் தொலைபேசியில் பேசினேன். கல்யாணத்துக்குக் கொடுத்தவர்கள் பெயரைப் பேத்தி வரிசையாக எழுதித் தந்தாள். முறுக்குச் சுற்றியவர்கள், வாழைக்குலை அனுப்பியவர்கள், மண்டபத்தில் இரவு காவலிருந்த பக்கத்து வீட்டுப் பையன் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அத்தனை வீட்டுக்கும் மணமக்களை அழைத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். நடுக்காவேரியில் அத்தையின் மகன் வீட்டில் தொடங்கி அய்யம்பேட்டையில் முடிப்பதாக ஏற்பாடு. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்துவிட்டால் நாற்றங்கால் வேலை மும்முரமாகிவிடும். அதன்பின் பகலில் யார் வீட்டிலும் ஆள் இருக்காது. அதற்குள் போய் வந்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.