ஐந்து தந்திக் கனவு

8 வருசமாகக் காசு சேர்த்து, கடைசியில் என் பேஸ் கிற்றாரை யாரிடம் செய்யக் கொடுப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

மூன்று பேரிடம் பேசினேன். முதலாமவர் மரத்தின் படங்களாக அனுப்பித் தள்ளினார். அழகுதான். இரண்டாமவர் விலையைச் சொன்னார், அப்புறம் ஆளையே காணவில்லை. மூன்றாமவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, வீடு கடலுக்கு எவ்வளவு கிட்ட?"

திருகோணமலைக் கடற்கரையில் இருக்கிற உப்புவெளி என்றேன். சிரித்தார். கச்சான் காற்றில் காய்ந்து, மாரியில் ஊறி, கழுத்து வளைகிற கதையை நான் தொடங்க முதலே அவர் சொல்லி முடித்தார். என் பழைய பேஸுக்கு அதுதான் நடந்தது. கழுத்தை நிமிர்த்த உள்ளே இருக்கிற ட்ரஸ் றொட் கம்பியைத் திருகித் திருகியே காலம் போனது. கழுத்துக்கு ஒற்றைப் பலகை வேண்டாம், மேப்பிள் மரத்தை 5 துண்டாக ஒட்டி, உள்ளே இரண்டு கார்பன் கம்பி வைப்போம் என்றார். ஐந்தாவதாக வருகிற தாழ்ந்த பி தந்தி 31 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட அதிரும். அது தொளதொளக்காமல் இருக்க, தந்தி அதிர்கிற நீளத்தை 34 அங்குலத்தை விட்டு 35 ஆக எடுக்கச் சொன்னார்.

உடலுக்குப் பலா மரம் கேட்டேன். வீணைக்கு ஆகுமென்றால் இதற்கு ஆகாதா? பாரத்தில் தோள் கழன்றுவிடும் என்று மறுத்தார். மேலே மெல்லிய தகடாக மட்டும் ஒத்துக்கொண்டார். சரி, அதுவாவது!

10 மாதம் ஆகுமாம். அம்மாவுக்கு இன்னும் விலையைச் சொல்லவில்லை.