லோடர் சிலிண்டர் கசிவு: சீலை வாங்கும் முன் ராடைப் பாருங்கள்

எங்கள் 27 எச்.பி. டிராக்டரின் முன் லோடரில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் நான்கு சிலிண்டர்கள். கையைத் தூக்க இரண்டு, பக்கெட்டைக் கவிழ்த்து நிமிர்த்த இரண்டு. இடதுபக்கத் தூக்கும் சிலிண்டர் போன மழைக்காலத்திலிருந்தே ஒழுகிக்கொண்டிருந்தது. எரு அள்ளி முடிப்பதற்குள், சிலிண்டருக்குள் போய்வரும் தண்டான ராடு முழுக்க ஆயில் வழிந்து, அதன்மேல் மண் அப்பிக் கறுப்புக் களிம்பாகிவிடும். சின்ன டிராக்டர்கள் பலவற்றில் லோடருக்குப் போவதும் கியர்பாக்ஸ் ஆயில்தான், எங்களுடையதும் அப்படியே. அதனால் இங்கே சொட்டுவது கியர்பாக்ஸில் குறைகிறது. பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாத கசிவு இது.

எந்த சீல், அதாவது ஆயிலை அடைக்கும் வளையம், போயிருக்கிறது என்பதை வெளியிலிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம். ராடின் உள்முனையில் இருக்கும் பிஸ்டனைச் சுற்றி ஒரு சீல். ராடு வெளியே வரும் வாயை மூடும் கிளாண்டுக்குள் இன்னொன்று. கிளாண்டின் வெளி விளிம்பில் மண்ணை வழித்துத் தள்ள வைப்பர் சீல். சுமையோடு தூக்கி நிறுத்தினால் அழுத்தம் பிஸ்டனுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், ராடு பக்கம் இருக்கக் கூடாது. அந்த நிலையிலும் கிளாண்டில் விடாமல் சொட்டினால் ஆயில் பிஸ்டனைத் தாண்டி வருகிறது என்று பொருள். எங்களுடையது அப்படித்தான் சொட்டியது. இதைத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். தூக்கிய பக்கெட்டுக்கு அடியில் யாரும் போகவே கூடாது. கசியும் இடத்தைக் கையால் தடவவும் வேண்டாம், ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். 150 பார் அழுத்தத்தில் ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

பக்கெட் தானாக இறங்கினால் எல்லோரும் பிஸ்டன் சீலைத்தான் சொல்வார்கள். அது மட்டும் காரணமாக முடியாது. ராடு உள்ளே போகப் போக சிலிண்டருக்குள் ஆயிலுக்கான இடம் குறைகிறது. மிஞ்சும் ஆயில் வெளியேறினால்தான் ராடு மேலும் இறங்கும். பிஸ்டனைத் தாண்டிய ஆயில் சிலிண்டருக்குள்ளேயேதானே இருக்கிறது? ஆகவே அது கிளாண்டு வழியாகவோ லீவர் இயக்கும் கன்ட்ரோல் வால்வு வழியாகவோ போயாக வேண்டும். எங்கள் சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ., ராடின் விட்டம் 30 மி.மீ. பிஸ்டன் சீல் முற்றிலும் போனால் அதே சுமையை ராடின் பரப்பு மட்டும் தாங்கும், அழுத்தம் ஏறக்குறைய 2.8 மடங்காகும். பாவம், அத்தனையும் கிளாண்டு சீலின் மேல்தான் விழும்.

பக்கெட்டைத் தரையில் பதித்து, இன்ஜினை நிறுத்தி, லீவரை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விட்ட பிறகே ஹோஸில் ஸ்பேனர் வைத்தேன். கிளாண்டு மரை துருவில் இறுகியிருந்தது. துருவிளக்கி ஆயிலை ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கிளாண்டின் இரண்டு துளைகளுக்குப் பொருந்துகிற மாதிரி செய்த இரண்டு முள் ஸ்பேனரால் திருப்பினேன். கேஸ் வைத்துச் சூடு காட்டுவதும், கம்ப்ரஸர் காற்றடித்து பிஸ்டனை வெளியே தள்ளுவதும் ஆபத்து.

பழைய கிளாண்டு சீலைக் கையில் எடுத்ததும் விஷயம் புரிந்தது. ராடைத் தழுவும் அதன் உதட்டு விளிம்பில் ஒரே ஒரு பக்கம் மட்டும் கத்தியால் கீறினாற்போல வெட்டு. லேத் பட்டறை அண்ணன் சீலைப் பார்க்கவே இல்லை. “ராடை நகத்துல தடவிப் பாருங்க தம்பி, எங்க மாட்டுதுன்னு சொல்லுங்க” என்றார். ராடின் வெளிமுனை வளையத்தின் பக்கம் அரிசி முனையளவு துருக்குழி. நகம் நன்றாகவே மாட்டியது. ராடின் மேலுள்ள குரோம் பூச்சு பொதுவாக 20, 25 மைக்ரான்தான் இருக்கும். வைப்பர் தேய்ந்து மண் உள்ளே போயிருக்கிறது, மழையில் ராடு வெளியே நீட்டியபடி நின்றிருக்கிறது. இந்தக் குழியை விட்டுவிட்டுப் புது சீல் போட்டால் அதையும் அது தின்றுவிடும்.

குழியை விடவும் அதன் விளிம்பில் எழும்பி நிற்கும் குரோம்தான் சீலை வெட்டுகிறது. ஆயில் ஸ்டோனால் விளிம்பை மட்டும் மெல்லத் தட்டையாக்கி, பிறகு 1000 நம்பர் எமரித் தாளை ஆயிலில் நனைத்து ராடைச் சுற்றித் தேய்த்தேன். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறல்களே ஆயிலுக்கு வாய்க்காலாகிவிடும். குழி வரிசையாக இருந்தால் இதெல்லாம் உதவாது, புதிதாக குரோம் போடத்தான் வேண்டும். ராடைக் கண்ணாடி மேல் உருட்டி வளைவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

சீல் வாங்கப் பழைய சீலை அளக்காதீர்கள், அது உப்பியோ தேய்ந்தோ இருக்கும். வெர்னியரால் பள்ளத்தை அளந்து கொண்டுபோனேன். பாலியூரித்தேன் சீல் விறைப்பானது. வெந்நீரில் போட்டு, துடைத்து, அவரை விதை போல மடித்துப் பள்ளத்தில் விட்டால் தானே விரிந்து உட்காரும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், வழவழப்பாகச் சீவிய மூங்கில் குச்சி போதும். உதடு அழுத்தம் வரும் பக்கம், அதாவது பிஸ்டனைப் பார்த்து இருக்க வேண்டும். கிளாண்டு ராடில் ஏறும்போது மரை முனை புது சீலைக் கிழிக்கும் என்பதால் அங்கே பால் பாக்கெட் பிளாஸ்டிக்கைச் சுற்றி, ஆயில் பூசி, சுழற்றிக்கொண்டே ஏற்றினேன். பிஸ்டன் நட்டைப் பட்டறையிலேயே முறுக்கிக்கொண்டேன். வீட்டுக் கைபலம் அதற்குப் போதாது.

மாட்டியதும் சுமை ஏற்றவில்லை. காற்று வெளியேற, முழு நீளத்துக்கும் மெதுவாக ஏற்றி இறக்கினேன். கியர்பாக்ஸின் ஆயில் அளவுக் குச்சியைப் பார்த்துக் குறைந்த ஆயிலையும் ஊற்றினேன்.

இப்போது எரு அள்ளி முடித்த பிறகும் ராடில் மெல்லிய ஆயில் படலம் மட்டுமே மிஞ்சுகிறது. சொட்டு இல்லை. பக்கெட் இறங்குவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மிச்சக் கசிவு கன்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் என்ற தண்டில்தான் இருக்க வேண்டும். வலது பக்கெட் சிலிண்டரின் கிளாண்டிலும் ஈரம் தெரிகிறது. அடுத்து அதைக் கழற்றப் போகிறேன், வால்வு அதற்குப் பிறகு.